மன்றோ சிலையில் இல்லாதவை

சிலை வைப்பது எளிது. வைத்த சிலையைப் பார்ப்பது அரிது. நம் நகரங்களின் நாற்சந்திகளில் நிற்கும் சிலைகள் பெரும்பாலும் பேருந்து நிறுத்தங்களுக்குப் பெயராகவும், வழி கேட்போருக்கு அடையாளமாகவும், காக்கைகளுக்கு இருப்பிடமாகவும் பயன்பட்டு வருகின்றன. பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் மாலை பெறும் பேறு சில சிலைகளுக்கு உண்டு. அந்தப் பேறும் இல்லாதவை அயலார் ஆட்சிக் காலத்துச் சிலைகள். அவற்றை வணங்குவாரும் இல்லை. வெறுத்துக் கல்லெறிவாரும் இன்று அரியர். இத்தகைய சிலைகளைத்தான் நாம் சற்று அமைதியாக நின்று பார்க்க முடியும் என்று தோன்றுகிறது.

சென்னைத் தீவுத்திடலில், கோட்டையிலிருந்து அண்ணா சாலைக்குச் செல்லும் வழியில், உயர்ந்த பீடத்தின்மேல் நிற்கிறது சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் அவர். அவர் இறந்தபின் பொது நன்கொடை திரட்டப்பட்டது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி சர் பிரான்சிஸ் சான்ட்ரி வெண்கலத்தில் உருவாக்கிய சிலை கப்பலேறி வந்து 1839-இல் இங்கே நிறுவப்பட்டது. ஒரு கலைப்படைப்பு என்ற முறையில் அது எப்படிப்பட்டது? ஒரு நினைவுச் சின்னம் என்ற முறையில் அது எதை நினைவூட்டுகிறது, எதை மறக்கச் செய்கிறது? இவ்விரு வினாக்களையும் எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறதியைப் பற்றிய ஒரு கதை

அண்மையில் ஒரு காலைப் பொழுதில் இச்சிலையைக் காணச் சென்றோம். ஓயாத ஊர்திகளின் நடுவே சாலையைக் கடந்து பீடத்தை நெருங்குவதே பெரும்பாடாயிற்று. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது குதிரையின் வயிறுதான். சற்று விலகி நின்றபின்னரே குதிரையும் ஆளுநரும் முழு உருவமாகக் கண்ணுக்குக் கிட்டுகின்றனர். உடன் வந்த இளைஞர், சென்னைவாசிகள் பலரும் சொல்லும் கதையை நமக்கும் சொன்னார். "பாருங்கள் ஃபாதர், சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டாராம். சிலையைத் திறந்த பிறகுதான் யாரோ சுட்டிக் காட்டினார்களாம். அவமானம் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டாராம்."

கதை சுவையானது. ஆனால் உண்மையன்று. சான்ட்ரி 1841 நவம்பரில் இதய நோயால் இறந்தார். அது மட்டுமன்று. இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையும் அவர் கைவண்ணமே. அதிலும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. அதே நகரின் இராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் முன் நிற்கும் வெல்லிங்டன் பிரபுவின் சிலையும் அவர் தொடங்கியதே. அவர் மறைவுக்குப்பின் அவருடைய உதவியாளர் ஹென்றி வீக்ஸ் அதை முடித்தார். அதிலும் அவை இல்லை. ஒரு முறை மறக்கலாம். மூன்று முறையும் ஒன்றையே மறக்கும் சிற்பி உலகில் இல்லை.

ஆகவே இது மறதியன்று, தெரிந்தே செய்தது. உரோமை நகரின் கப்பித்தோல் குன்றில் மார்க்கு அவுரேலியு பேரரசரின் குதிரைச் சிலை பல நூற்றாண்டுகள் நின்றது. இன்று மூலச் சிலை அங்குள்ள அருங்காட்சியகத்திலும் அதன் படி வெளியிலும் உள்ளன. உரோமையர் அங்கவடியை அறியாதவர். எனவே அச்சிலையில் பேரரசரின் கால்கள் தாங்கலின்றித் தொங்குகின்றன. ஐரோப்பியச் சிற்பிகள் பலருக்கும் குதிரைச் சிலையின் இலக்கணமாக அமைந்தது அதுவே. சான்ட்ரியும் அந்த இலக்கணத்தைத்தான் பின்பற்றினார்.

அந்த உரோமைச் சிலைக்கும் ஒரு கதை உண்டு. பழைய பேரரசர்களின் வெண்கலச் சிலைகள் பெரும்பாலும் உருக்கப்பட்டு மறைந்த காலத்தில், இது மட்டும் தப்பியது. காரணம், இதைக் கிறித்தவப் பேரரசரான கான்ஸ்டன்டைனின் சிலை என்று மக்கள் தவறாக எண்ணியதுதான். ஒரு தவறான கதை ஒரு நல்ல சிலையைக் காப்பாற்றியது. சென்னையில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே. அங்கவடிக் கதை இருப்பதால் மன்றோ சிலையை மக்கள் அண்ணாந்து பார்க்கின்றனர். ஆனால் அக்கதையே அவர்கள் மேற்கொண்டு பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறது. குறை ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு நாம் பேருந்து ஏறிவிடுகிறோம்.

சிற்பி சொன்னது

சிற்பத்தின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். குதிரை பாயவில்லை, முன்கால்களைத் தூக்கி யாரையும் மிதிக்கவில்லை, நிலத்தில் ஊன்றி அமைதியாக நிற்கிறது. மேலே இருப்பவர் வாளை உயர்த்தி யாரையும் அச்சுறுத்தவில்லை. சேணமும் அங்கவடியும் இல்லாமையால் குதிரையின் உடலுக்கும் மனிதரின் உடலுக்கும் இடையே தடை எதுவும் இல்லை. இரண்டும் ஒரே உருவமாய் இணைந்து நிற்கின்றன. ஆள்பவருக்கும் ஆளப்படுவதற்கும் இடையே போராட்டமே இல்லை என்னும் உணர்வு பார்ப்பவர் நெஞ்சில் தானாகவே எழுகிறது. கண்ணுக்கு இனிய அமைதி அது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மன்றோ பேரரசர் அல்லர். ஒரு வணிகக் குழுமத்தின் ஊழியர். கிளாஸ்கோ நகரில் 1761-இல் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்து, குடும்பத் தொழில் நொடித்தபின், 1780-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் காலாட்படைப் பயிற்சி வீரராகச் சென்னையில் இறங்கியவர். அத்தகையவருக்கு உரோமைப் பேரரசரின் தோரணையைத் தருவது ஒரு கலைத் தீர்மானம் மட்டுமன்று. அரசியல் தீர்மானமும் ஆகும். வரவு செலவுக் கணக்கும் நிலவரிப் பட்டியலுமாக இருந்த ஓர் ஆட்சி, வெண்கலத்தில் வார்க்கப்பட்டபோது காலங்கடந்த பேரரசாக மாறிவிட்டது.

இன்னொன்றையும் காண வேண்டும். இச்சிலைப் பீடத்தின் மேல் குதிரையும் ஆளுநரும் தவிர வேறு உயிர் இல்லை. சென்னையில் உள்ள வேறு இரு படைப்புகளை இதனோடு ஒப்பிடலாம். கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள காரன்வாலிஸ் பிரபுவின் சிலை தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. 1792-இல் திப்பு சுல்தானின் இளம் பிள்ளைகள் இருவர் பணயக் கைதிகளாக ஒப்படைக்கப்பட்ட காட்சி அதன் பீடத்தில் புடைப்புச் சிற்பமாக உள்ளது. புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கப் பேராயர் ஹீபரின் நினைவுச் சிற்பம் உள்ளது. அது சான்ட்ரியே செய்தது. பேராயரின் முன் இந்தியக் கிறித்தவர் பணிந்திருக்கும் காட்சி அதில் அமைந்துள்ளது. இவ்விரண்டிலும் இந்தியர் இருக்கின்றனர். ஒன்றில் தோற்றவராக, மற்றொன்றில் பணிந்தவராக. மன்றோ சிலையிலோ அந்த அளவுக்குக்கூட அவர்கள் இல்லை. எந்த உழவரின் பெயரால் மன்றோ புகழ்பெற்றாரோ, அந்த உழவர் அங்கே இல்லை. நம் கண் தேட வேண்டிய குறை இதுவே.

மனிதர் மன்றோ

இதனால் மன்றோவைத் தீயவர் என்று சொல்லிவிடுவது எளிது. அது நேர்மையாகாது. இந்நாட்டில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகளுள் மக்களை நெருங்கி அறிந்தவர் அவர். 1792 முதல் 1799 வரை பாரமகால் என வழங்கிய இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலத்தை அளந்தும் வரியைக் கணித்தும் ஊர் ஊராகச் சுற்றினார். பின்னர் கன்னடக் கடற்கரையிலும், 1800 முதல் 1807 வரை ஐதராபாத் நிசாம் விட்டுக்கொடுத்த கடப்பை, பெல்லாரிப் பகுதிகளிலும் அதே பணியைத் தொடர்ந்தார். உழவரின் மொழியில் உழவரோடு பேசினார். சமீன்தார் என்னும் இடைத்தரகர் இல்லாமல் அரசு நேரே உழவரோடு கணக்கு வைத்துக்கொள்ளும் இரயத்துவாரி முறை இப்பயணங்களில் உருப்பெற்றதுதான். 1807-இல், தாம் விதித்த வரியில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்றும் அவரே பரிந்துரைத்தார். ஆளுநரான பின்னரே அது நிறைவேறியது.

ஆளுநராக இருந்தபோது 1822-இல் மாகாணத்து உள்நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகள் இருந்தமை அக்கணக்கால் தெரியவந்தது. கும்பினிக்கு முன் இந்நாட்டில் கல்வியே இல்லை என்று பின்வந்தோர் சொன்ன கூற்றை மறுப்பதற்கு இந்தக் கணக்கே இன்றும் பயன்படுகிறது. 1824 டிசம்பர் 31-ஆம் நாளிட்ட நீண்ட குறிப்பில், இந்தியரை உயர்பதவிகளினின்று விலக்கி வைப்பது ஒரு மக்களினத்தின் பண்பையே தாழ்த்திவிடும் என்று எச்சரித்தார். இந்தியர் தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறும் நாள் வரும் என்றும், அந்நாளில் ஆங்கிலேயர் தம் பிடியைத் தளர்த்துவதே இரு நாட்டுக்கும் நன்று என்றும் எழுதினார். அன்றைய நிலையில் இது எளிய துணிவன்று.

அவர் முடிவும் உருக்கமானது. பதவியை விட்டுத் தாயகம் திரும்பும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, தாம் நெடுநாள் பணிசெய்த மாவட்டங்களைக் கடைசியாக ஒருமுறை காண விரும்பிப் புறப்பட்டார். 1827 சூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். இராயலசீமை மக்கள் அவரை நெடுங்காலம் நினைத்திருந்தனர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டவர்களும் உண்டு என்பர். மந்திராலயத்தில் இராகவேந்திரரின் உருவத்தை அவர் கண்டு உரையாடினார் என்னும் கதையும் அப்பகுதியில் வழங்குகிறது. ஓர் அயல்நாட்டு வரி அதிகாரியைத் தம் புனிதக் கதைக்குள் மக்கள் ஏற்றுக்கொண்டனர் என்றால், அது வெறும் அச்சத்தால் விளைந்ததாக இருக்க முடியாது.

அங்கே இல்லாத உழவர்

ஆயினும் நல்ல மனிதர் ஒருவர் அமைத்த முறை நல்ல முறையாகிவிடும் என்பதற்கு உறுதி இல்லை. மன்றோவின் வாழ்க்கை நமக்கு முன்வைக்கும் கடினமான உண்மை இது.

அவரே 1822-இல் அச்சுச் சுதந்திரத்தைப் பற்றிய குறிப்பொன்றில், அயலார் ஆட்சியும் கட்டற்ற அச்சும் ஒன்றாக வாழ முடியாது என்று வாதிட்டார். மக்களை அறிந்தவர், மக்கள் வாய் திறப்பதை அஞ்சினார். அன்பு செலுத்தும் ஆட்சியாளருக்கும் குடிமக்களின் குரல் ஆபத்தாகத் தோன்றுமானால், அந்த அன்பின் எல்லை எது என்பது விளங்கிவிடுகிறது.

இதைவிட ஆழமான செய்தி வேறொன்று உண்டு. நீதித்துறைச் சீர்திருத்தத்திற்கான ஆணையத்தின் தலைவராக 1814-இல் இந்தியா திரும்பிய மன்றோவின் முயற்சியால் 1816-இல் புதிய ஒழுங்குமுறைச் சட்டங்கள் வந்தன. கிராமத் தலைவர்கள் சிறு வழக்குகளைக் கேட்கும் உரிமை பெற்றனர். இது மக்களுக்கு நெருக்கமான ஏற்பாடு. அதே சட்டங்களால் காவல் அதிகாரமும் குற்றவியல் நடுவர் அதிகாரமும் மாவட்ட நீதிபதியிடமிருந்து கலெக்டரிடம் மாற்றப்பட்டன. ஆக, வரி கேட்பவர் கையிலேயே காவலும் வந்து சேர்ந்தது. மக்களை அறிந்த அதிகாரி ஒருவரிடமே எல்லாம் இருந்தால் வேலை விரைவாகவும் கனிவாகவும் நடக்கும் என்பது மன்றோவின் நம்பிக்கை. எல்லாக் கலெக்டர்களும் மன்றோவாகவே இருப்பார்கள் என்று அந்த நம்பிக்கை எடுத்துக்கொண்டது.

அவர் இறந்து 28 ஆண்டுகளுக்குப்பின், 1855-இல், சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. நிலவரியைப் பிடுங்குவதற்கும் குற்ற வாக்குமூலம் பெறுவதற்கும் சித்திரவதை வழக்கமாகக் கையாளப்பட்டது என்று அது ஒப்புக்கொண்டது. விரல்களையும் கைகளையும் இறுக்கி நசுக்கும் மரக்கருவியாகிய 'கிட்டி' என்ற தமிழ்ச்சொல் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே இடம்பெற்றுள்ளது. உடலைக் குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதும் அதில் சொல்லப்படுகிறது. வரியும் காவலும் ஒரே ஊழியர் கையில் இருந்தமையே இக்கொடுமைக்கு இடம் தந்தது என்பது விசாரணையில் தெளிவாயிற்று. 1859-ஆம் ஆண்டின் காவல் சட்டம் சென்னை மாகாணத்தில் தனிக் காவல்துறையை அமைத்து, அக்கட்டைத் தளர்த்தியது.

அறிக்கையின் இன்னொரு பகுதி நம்மைச் சுடுவது. கொடுமை செய்தவர்கள் கீழ்நிலை இந்திய ஊழியர்களே என்றும், ஐரோப்பிய அதிகாரிகள் அறிந்து உடன்பட்டவர் அல்லர் என்றும் அது கூறியது. பழியை முழுவதும் கீழே தள்ளிவிடும் வசதியான முடிவு அது என்று நாம் சினங்கொள்ளலாம். அந்தச் சினம் நியாயமே. மேலிருந்து கேட்ட தொகை குறையாதவரை கீழே கிட்டி ஓயாது. ஆயினும் கிட்டியை முறுக்கிய கை நம்மவர் கைதான். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள், ஒரே கோவிலில் தொழுதவர்கள். கணக்கு அயலாருடையது, கை நம்முடையது. சிலையின் அமைதியில் இதுவும் மறைந்து நிற்கிறது.

மன்றோ இக்கொடுமைகளை விரும்பினார் என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்திருந்தால் முதலில் தடுத்தவர் அவராகவே இருந்திருப்பார் என்றும் எண்ண இடமுண்டு. ஆனால் ஒருவரின் நற்குணத்தை நம்பிக் கட்டப்படும் அதிகாரம், அவர் போனபின் நற்குணம் இல்லாதவர்க்கும் அப்படியே கைமாறுகிறது. ஆள்பவரின் கனிவு ஆளப்படுபவரின் உரிமைக்கு ஈடாகாது. கனிவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்; உரிமையை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது. இது அரசுக்கு மட்டும் உரிய பாடமன்று. நிறுவனம் நடத்துவோர், பள்ளி நடத்துவோர், பங்கு நடத்தும் நம்மைப் போன்றோர் அனைவருக்கும் உரியது. நல்ல எண்ணத்தோடு எல்லாப் பொறுப்பையும் ஒரே கையில் குவித்துக்கொள்ளும் ஆசை நமக்கு அயலானதன்று.

இரண்டு நினைவுகள்

மன்றோவுக்கு வேறு நினைவிடங்களும் உண்டு. அவர் உடல் முதலில் கூத்தியில் அடக்கம் செய்யப்பட்டு, 1831-இல் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியா ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் உயிர்விட்ட பத்திகொண்டாவில் அரசு ஒரு புளியந்தோப்பையும், கல்லால் கட்டிய கிணற்றையும் அவர் நினைவாக அமைத்தது. சென்னைச் சிலையையும் அந்தக் கிணற்றையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை அண்ணாந்து நோக்க வேண்டும். மற்றொன்றில் குனிந்து நீர் மொள்ள வேண்டும். வறண்ட அந்தச் சீமையில் வழிப்போக்கருக்கும் உழவருக்கும் எது மன்றோவை நன்றாக நினைவூட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கலை என்ற வகையில் சான்ட்ரியின் சிலை உயர்ந்ததே. நினைவு என்ற வகையில் பத்திகொண்டாவின் கிணறு அதனை வென்றுவிடுகிறது. அங்கே உழவருக்கும் இடம் இருந்தது.

அப்படியானால் சிலையை எடுத்துவிடலாமா? சென்னை இவ்வினாவை முன்னரே சந்தித்துள்ளது. 1857 எழுச்சியை அடக்கியபோது கொடுமைக்குப் பேர்பெற்ற கர்னல் நீலின் சிலை மவுண்ட் சாலையில் நின்றது. அதை நீக்கக் கோரி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர் பலர் சிறை சென்றனர். 1937-இல் காங்கிரசு அமைச்சரவை வந்தபின் அச்சிலை அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. சரியான முடிவே அது. பழிவாங்கலைப் பெருமையாக்கிய சிலைக்குப் பொதுச்சாலையில் இடமில்லை. அன்று மன்றோவின் சிலைமேல் அத்தகைய எதிர்ப்பு எழவில்லை என்பதும் கருதத்தக்கது. இரண்டு ஆங்கிலேயரையும் மக்கள் ஒரே தராசில் நிறுக்கவில்லை. அந்த நிதானத்தை நாமும் இழந்துவிடக் கூடாது.

எனவே மன்றோ நிற்கட்டும் என்பதே நம் கருத்து. ஆனால் தனியே நிற்க வேண்டாம். மாணவர்களைக் கோட்டைக்கும் தீவுத்திடலுக்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அங்கவடிக் கதையோடு நிறுத்திவிடாமல், மன்றோவின் 1824-ஆம் ஆண்டுக் குறிப்பையும் 1855-ஆம் ஆண்டு அறிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்னதைக் கேட்டால் அவர் மேல் மதிப்பு வளரும். பின்னதைக் கேட்டால் அவர் அமைத்த அதிகாரத்தின் மேல் ஐயம் வளரும். மதிப்பு, ஐயம் என்னும் இரண்டையும் ஒரே நெஞ்சில் தாங்கக் கற்பதுதான் வரலாற்றுக் கல்வி. கிட்டி என்ற சொல்லின் பொருள் என்ன என்று அந்தப் பிள்ளைகளுள் ஒருவர் பீடத்தடியில் நின்று கேட்பாரானால், சிலையில் இடம்பெறாத உழவர் அன்றைக்கு அங்கே வந்து சேர்ந்துவிட்டார் என்று கொள்ளலாம்.